எலுமிச்சை புதினா பானம்: 100 தம்ளர் போட வேண்டும். கசக்கிறது, கறுக்கிறது. என்ன செய்யலாம்?

தாமிரபரணி
மே 3, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஆச்சிக்கு இந்த மாதம் 18-ஆம் தேதி எண்பது வயது நிறைகிறது. மண்டபம் எல்லாம் வேண்டாம் என்று ஆச்சி சொல்லிவிட்டதால் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலேயே பந்தல் போடுகிறோம். சொந்தக்காரர்களும் தெருக்காரர்களுமாக எண்பது பேர் வருவார்கள். அக்னி நட்சத்திரம் நடக்கிற நேரம். மாலை ஐந்து மணிக்கு மாடிப்படி ஏறி வருகிறவர்கள் கையில் முதலில் ஒரு தம்ளர் குளிர்ச்சியாகக் கொடுக்க வேண்டும். பாட்டிலில் வருகிற கலர் எதுவும் வேண்டாம், எலுமிச்சம்பழமும் புதினாவும் போட்டு வீட்டிலேயே செய்து கொடு என்பது ஆச்சியின் ஆசை.

நேற்று இரண்டு லிட்டர் செய்து பார்த்தேன். பத்துப் பழம் பிழிந்து, ஒரு கட்டுப் புதினாவைச் சர்க்கரையோடு மிக்ஸியில் அரைத்து வடிகட்டி, தண்ணீர் சேர்த்து ஃபிரிட்ஜில் வைத்தேன். செய்தவுடன் குடித்தபோது அருமையாக இருந்தது. இளம்பச்சை நிறம், நல்ல வாசனை. மதியம் செய்ததை ராத்திரி எடுத்துப் பார்த்தால் பாசி பிடித்த குளத்துத் தண்ணீர் மாதிரி ஒரு நிறம், அடியில் கறுப்பாக வண்டல். வாயில் வைத்தால் முதலில் புளிப்பு, அப்புறம் தொண்டைப் பக்கம் ஒரு கசப்பு. அது போகவே மாட்டேன் என்கிறது. ஆச்சி ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தம்ளரைக் கீழே வைத்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விசேஷத்தன்று ஐந்து மணிக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பழம் நறுக்கிக் கொண்டிருக்க ஆள் இல்லை. முன்கூட்டியே செய்து வைக்கவும் வேண்டும், கசக்கவும் கூடாது. வழி இருக்கிறதா?


மண்பானை
மே 3, இரவு 10.15

தாயி, நான் மதுரையில் இருபத்திரண்டு வருஷம் சர்பத் கடை வைத்திருந்தவன். கவலைப்படாதீங்க, வழி இருக்கு.

கலந்து வைத்த எலுமிச்சை சர்பத்தை நல்ல கடை எதிலாவது பார்த்திருக்கிறீர்களா? பாகு பாட்டிலில் இருக்கும். பழம் கூடையில் இருக்கும். சப்ஜா விதை ஒரு கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருக்கும். தண்ணீர் பானையில் இருக்கும். ஆள் வந்து கேட்ட பிறகுதான் நான்கும் தம்ளரில் சந்திக்கும். நீங்கள் மதியமே எல்லாவற்றையும் சேர்த்துவிட்டீர்கள், அதுதான் கோளாறு. பாகை நாலு நாள் முன்னால் செய்யலாம். சாற்றை அன்றைக்கு மதியம் பிழியலாம். கலப்பது மட்டும் ஆள் வரும்போது.

பிழிகிற விஷயம் ஒன்று. நீங்கள் பழத்தைக் கடைசிச் சொட்டு வரை முறுக்கியிருப்பீர்கள். செய்யக்கூடாது. பழத்தைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி நாலு உருட்டு உருட்டுங்கள், உள்ளே இருக்கிற சுளை உடைந்து இளகிவிடும். ஃபிரிட்ஜில் இருந்த பழம் என்றால் அரைமணி வெளியே வைத்து அப்புறம் உருட்டுங்கள். குறுக்காக வெட்டி, ஒரே அழுத்து, விட்டுவிட வேண்டும். திரும்ப மடித்து முறுக்கினால் வருவது சாறு இல்லை, தோலின் கசப்பு. விதை சாற்றில் கிடக்கவே கூடாது. பிழியும்போதே வடிகட்டி கீழே இருக்கணும்.

இன்னொன்று. பெரிய கூட்டம் என்றவுடன் வீட்டில் பித்தளை அண்டாவை இறக்குவார்கள். ஈயம் பூசாத பித்தளையிலோ அலுமினியத்திலோ எலுமிச்சைச் சாறு படவே கூடாது. எவர்சில்வர், கண்ணாடி, மண்பானை, இந்த மூன்றுதான்.


வேதிவாத்தியார்
மே 4, காலை 6.05

முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன் என்பதால் ஏன் என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கைப்பக்குவம் மண்பானை அண்ணன் சொன்னதுதான்.

முதலில் நிறம். இலையின் பச்சையத்துக்கு நடுவில் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. அமிலம் பட்டால் அது கழன்றுவிடும், பச்சை போய் ஒரு மங்கிய பழுப்பு வரும். புளிக்குழம்பில் போட்ட பீன்ஸ், வெண்டைக்காய் நிறம் செத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான். எலுமிச்சை கறுப்பைத் தடுக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வெட்டிய ஆப்பிளுக்கும் வாழைப்பூவுக்கும் அது சரி, அங்கே கறுக்க வைப்பது நொதி. இங்கே நடப்பது வேறு. புதினாவை நைசாக அரைத்தால் பச்சையம் முழுக்க வெளியே வந்து சாற்றோடு நேராகக் கலக்கிறது. முழு இலையாகப் போட்டால் அந்த மாற்றம் மெதுவாக நடக்கும். சோதித்துப் பாருங்கள்: இரண்டு தம்ளரில் எலுமிச்சைத் தண்ணீர் வைத்து ஒன்றில் முழு இலை, ஒன்றில் அரைத்த இலை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

அடுத்து கசப்பு. எலுமிச்சை வகைப் பழங்களின் விதையிலும் தோலுக்கு அடியில் இருக்கிற வெள்ளைப் பகுதியிலும் லிமோனாய்டு என்று ஒரு வகைப் பொருள்கள் உண்டு. இவற்றில் ஒன்று பழத்துக்குள் இருக்கும்போது கசக்காது. நசுக்கிச் சாற்றின் அமிலத்தோடு கலந்த பிறகு மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறும். சாத்துக்குடி ஜூஸைப் போட்டு வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் குடித்தால் கசக்கிறதே, காரணம் அதுதான். செய்தவுடன் நன்றாக இருந்தது, ராத்திரி கசந்தது என்று தாமிரபரணி எழுதியதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. போதாததற்குப் புதினாத் தண்டையும் சேர்த்து அரைத்தீர்களா?


தாமிரபரணி
மே 4, காலை 7.30

ஆமாம் சார், தண்டோடுதான் அரைத்தேன். தண்டில்தான் சத்து என்று யாரோ சொன்னதைக் கேட்டு! பழத்தையும் ஒட்ட முறுக்கினேன். இரண்டு பேரும் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி சொல்கிறீர்கள்.

அப்படியானால் புதினா வாசனையை எப்படித்தான் கொண்டு வருவது? முழு இலையைப் போட்டால் மேலே மிதக்கிறது, பானத்தில் வாசனை இல்லை.


பாலைக்காற்று
மே 4, மதியம் 1.20

ஷார்ஜாவில் ஒரு கஃபேட்டீரியாவில் ஒன்பது வருடமாக ஜூஸ் போடுகிறேன். இங்கே லெமன் மின்ட் இல்லாத கடையே கிடையாது. நாங்கள் மிக்ஸியில்தான் அடிக்கிறோம். சாறு, சர்க்கரைப் பாகு, பத்துப் பதினைந்து இலை, தம்ளர் நிறைய ஐஸ், பத்தே விநாடி. நுரை பொங்கப் பச்சையாக வரும், பார்க்கவே அழகு. ஆனால் வாடிக்கையாளர் எங்கள் கண் முன்னாலேயே குடித்து முடித்துவிடுவார். ஒரு ஆர்டர் திரும்பி வந்தால் அதை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டோம், கால் மணி நேரத்திலேயே நிறம் மங்கி நீர் தனியாகப் பிரிந்துவிடும்.

அக்கா வீட்டில் இரண்டு மூன்று பேர் வந்தால் இப்படி அடித்துக் கொடுங்கள், ரொம்ப நன்றாக இருக்கும். எண்பது பேருக்கு மிக்ஸி வேண்டாம்.


மண்பானை
மே 4, மாலை 5.00

தாயி, இலையைத் தட்டணும். அஞ்சாறு இலையை இடது உள்ளங்கையில் வைத்து வலது கையால் ஒரே ஒரு தட்டு, கை தட்டுகிற மாதிரி. உடனே கையை மோந்து பாருங்கள். இலை கிழியவே இல்லை, வாசனை மட்டும் வந்துவிட்டது தெரியும். புதினா வாசனை இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகளில் இருக்கிறது, அதை உடைத்தால் போதும், இலையைக் கொல்ல வேண்டியதில்லை.

நூறு தம்ளருக்கு வாசனையைப் பாகில் ஏற்றிக்கொள்ளுங்கள். பாகு கொதித்து அடுப்பை அணைத்த பிறகு, கழுவித் துணியில் ஒற்றின புதினா இலையை உள்ளே போட்டு மூடி வையுங்கள். இருபது நிமிஷம். வடிகட்டி எடுத்துவிடணும், ஊறட்டும் என்று ராத்திரி முழுக்க விட்டால் வைக்கோல் வாடை வரும். அடுப்பில் இருக்கும்போது போட்டாலும் கெட்டது, வாசனை ஆவியோடு தெருவுக்குப் போய்விடும்.


கொங்குத்தென்றல்
மே 4, இரவு 8.45

எங்கள் பக்கம் பாலக்காட்டுக் காற்று வீசுவதால் நாங்கள் குலுக்கி சர்பத் கட்சி. ஒரு தம்ளரில் எலுமிச்சைச் சாறு, பாகு, புதினா, நடுவில் கீறின ஒரு பச்சை மிளகாய், ஒரு துண்டு இஞ்சி, சப்ஜா, ஐஸ். மேலே இன்னொரு தம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நன்றாகக் குலுக்க வேண்டும். மிளகாய் உறைக்காது, ஆனால் குடித்து முடித்த பின் உதட்டில் ஒரு சூடு நிற்கும். வெயிலுக்கு அந்தச் சூடுதான் வியர்வையைக் கிளப்பிக் குளிர்ச்சி தரும். தாமிரபரணி அக்கா, இளவட்டங்களுக்கு மட்டுமாவது இதை வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது, இது என் கையில் நடந்தது. மூன்று வருடத்துக்கு முன் கோயில் திருவிழா தண்ணீர்ப்பந்தலில் நண்பர்கள் நாலு பேர் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான எலுமிச்சம்பழம் பிழிந்தோம். நல்ல உச்சி வெயில், பந்தல் கீற்றும் சரியாக வேயவில்லை. அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் புறங்கையும் விரல் இடுக்கும் எரிந்து சிவந்தது, அப்புறம் கொப்பளம். பின்னால் அது காபிக் கறை மாதிரி ஆகி மூன்று மாதம் போகவில்லை. தோல் மருத்துவர் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வியே, வெயிலில் எலுமிச்சை பிழிந்தீர்களா என்பதுதான்.


வேதிவாத்தியார்
மே 5, காலை 6.10

கொங்குத்தென்றல் சொன்னதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எலுமிச்சையின் தோலில் ஃபுரானோகூமரின் என்ற பொருள்கள் உண்டு. அவை தோலில் பட்ட நிலையில் சூரியனின் புறஊதாக் கதிர் விழுந்தால் தோல் வெந்து போகும். நிழலில் பிழிந்தால் பிரச்சினை இல்லை. பிழிந்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு அப்புறம் வெயிலுக்குப் போங்கள். மாடிப் பந்தலில் உட்கார்ந்து பிழிய வேண்டாம் அம்மா, கீழே சமையலறையில் பிழியுங்கள். குழந்தைகளை இந்த வேலைக்கு விடாதீர்கள்.

புதினாவின் குளிர்ச்சி பற்றியும் ஒரு வார்த்தை. புதினாவில் இருக்கும் மென்தால் என்ற பொருள் வாயின் வெப்பத்தைக் குறைப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளில் ஒரு வாயில் போன்ற புரதம் இருக்கிறது, அதைத் திறந்துவிடுகிறது, மூளை குளிர் என்று நம்புகிறது. 2002-இல் அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். மென்தாலை வைத்து அதைத் தேடிய டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியான் இருவருக்கும் வெப்பம், தொடுதல் ஆகியவற்றை உணரும் வழிகளைக் கண்டறிந்ததற்காக 2021-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. மிளகாயின் சூட்டை உணரும் புரதத்தைக் கண்டுபிடித்ததும் அதே ஜூலியஸ்தான். ஆகக் குலுக்கி சர்பத்தில் இரண்டு வாயிலும் ஒரே நேரத்தில் திறக்கின்றன! ஒன்று மட்டும்: நம் சந்தையில் கிடைக்கும் புதினாவில் பெரும்பாலும் தூக்கி நிற்பது கார்வோன் என்ற வாசனைப் பொருள், மென்தால் குறைவு. அதனால்தான் நம் புதினா மூக்கைத் துளைக்காமல் இனிமையாக இருக்கிறது.


யாழ்வாசல்
மே 5, காலை 10.30

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் இதைத் தேசிக்காய் என்போம், வெயில் காலத்தில் எங்கட வீட்டில் தேசிக்காய்த் தண்ணி இல்லாத நாள் இல்லை. உப்பும் சீனியும் இரண்டும் போடுவோம். உப்பு ஒரு சிட்டிகை விழுந்தாலே கசப்பு அடங்கும், தாமிரபரணி கட்டாயம் போட்டுப் பாருங்கோ.

சர்பத்துக்குக் கசகசா போடுவோம். தண்ணியில் ஊறப்போட்டால் ஒவ்வொரு விதையும் கண்ணாடிப் போர்வை போர்த்தினது போல் பொங்கி வரும். குடிக்கும்போது வாயில் வழுக்கிக்கொண்டு போகும், பிள்ளைகளுக்கு நல்ல விருப்பம்.


பாலைக்காற்று
மே 5, மதியம் 2.00

யாழ்வாசல் அண்ணா, நீங்கள் கசகசா என்று சொல்வது எங்கள் ஊர்ச் சப்ஜா, அதாவது திருநீற்றுப்பச்சிலை விதை. தமிழ்நாட்டில் கசகசா என்றால் குருமாவுக்கு அரைக்கிற வெள்ளை விதை, அது அபின் எடுக்கிற பாப்பிச் செடியின் விதை. ஊறப்போட்டாலும் பொங்காது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த வெள்ளைக் கசகசாவுக்கு அமீரகத்தில் தடை இருக்கிறது, சிங்கப்பூரிலும் கட்டுப்பாடு உண்டு. இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது சர்பத்துக்கு என்று கசகசா பொட்டலம் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடக் கூடாது. கடையில் கேட்கும்போது சப்ஜா என்றே கேளுங்கள்.


யாழ்வாசல்
மே 5, மதியம் 2.25

நல்ல காலம் சொன்னீர்கள் தம்பி. ஒரே பெயருக்கு இரண்டு விதை என்று இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது. நான் சொன்னது சப்ஜாவைத்தான்.


மண்பானை
மே 5, மாலை 6.40

சப்ஜா பேச்சு வந்ததால் சொல்கிறேன், அதை முழுசாக ஊற வைத்துத்தான் கொடுக்கணும். இருபது நிமிஷமாவது ஆகட்டும். காய்ந்த விதையை நேரே தம்ளரில் தூவிக் குடித்தால் தொண்டைக்குள் போய்ப் பொங்கும், குழந்தைக்கும் வயசானவர்களுக்கும் ஆபத்து.

இப்போது நான் கேட்க நினைத்ததைக் கேட்கிறேன். எல்லோரும் புதினா புதினா என்கிறீர்கள். ஆச்சிக்கு எண்பது வயசு. அவர்கள் காலத்துச் சர்பத் நன்னாரி இல்லையா? நன்னாரிப் பாகும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்தால் வருகிற வாசனை மழை பெய்த மண்ணும் வெனிலாவும் சேர்ந்த மாதிரி. இலையே இல்லாததால் கறுக்குமோ என்ற பயமும் இல்லை. வேரை நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக் கழுவி, லேசாக இடித்து, நடுவில் இருக்கிற வெள்ளை நரம்பை உருவிப் போட்டுவிடணும். வாசனை எல்லாம் மேல்பட்டையில்தான். நூறு கிராம் பட்டைக்கு ஒரு லிட்டர் வெந்நீர் ஊற்றி ராத்திரி முழுக்க மூடி வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரை வடிகட்டி ஒரு கிலோ சர்க்கரை போட்டுப் பிசுக்குப் பதம் வரை காய்ச்சி, இறக்கும்போது அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் பாகு பூத்துப் போகாது. கம்பிப் பதத்துக்குப் போகவிடாதீங்க, ஆறினால் கெட்டியாகி ஐஸ் தண்ணீரில் கரையாது.

கடைகளில் நன்னாரி என்று விற்பதில் பாதி மாகாளிக் கிழங்கு. வாசனைப் பொருள் இரண்டிலும் ஒன்றே என்பதால் மூக்கு ஏமாந்துபோகும். மாகாளி விரல் தடிமனுக்கு, சதைப்பற்றாக இருக்கும். நன்னாரி ஒல்லியாக, கறுத்து, கம்பி மாதிரி வளைந்து இருக்கும். மாகாளி கெட்டது இல்லை, ஊறுகாய்க்கு அதைவிட உசத்தி எது? ஆனால் நன்னாரி விலை கொடுத்து வாங்கும்போது நன்னாரிதான் வேண்டும்.


தாமிரபரணி
மே 5, இரவு 9.10

மண்பானை அண்ணாச்சி, இதைப் படித்து ஆச்சியிடம் கேட்டேன். "நன்னாரி நல்லதுதான், ஆனா புதினாதான் ஒங்க தாத்தாவுக்குப் பிடிக்கும்" என்றார்கள். தாத்தா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நான் வேறொன்றும் கேட்கவில்லை. புதினாதான் செய்கிறேன். நன்னாரி ஒரு சிறு பாட்டில் மட்டும் பக்கத்தில் வைக்கிறேன்.

என் சித்தப்பா இரண்டு யோசனை சொல்கிறார். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி போடலாம், சர்க்கரை வியாதிக்காரர்களும் பயமில்லாமல் குடிக்கலாம் என்கிறார். ஐஸை மொத்தமாகக் கட்டியாக வெளியே வாங்கி உடைத்துப் போடலாம் என்கிறார். சரிதானா?


இரவுப்பணி
மே 6, காலை 7.50

இரண்டும் சரியில்லை அக்கா. நான் செவிலியர், கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் வேலை. இப்போதுதான் பணி முடிந்து வந்தேன், இதைப் படித்துவிட்டுத் தூங்கப் போக முடியவில்லை.

கருப்பட்டி நல்ல பொருள்தான், சுவைக்காகத் தாராளமாகப் போடுங்கள். ஆனால் அதிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான், ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். கருப்பட்டிதானே என்று நினைத்து இரண்டு மூன்று தம்ளர் குடித்துவிட்டு வருகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு தனிப் பாத்திரம் வையுங்கள்: எலுமிச்சைச் சாறு, தட்டிய புதினா, உப்பு, வறுத்துப் பொடித்த சீரகம், பாகே வேண்டாம். மேலே ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர் கேட்டால் உப்பும் வேண்டாம்.

ஐஸ். வெளியே விற்கிற கட்டி ஐஸ் மீனை அடுக்கவும் சாமான்களைக் குளிர்விக்கவும் செய்யப்பட்டதாக இருக்கலாம், எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யாருக்கும் தெரியாது. உறைந்தால் கிருமி செத்துவிடும் என்பது தப்பு. டைஃபாய்டும் மஞ்சள் காமாலையும் வெயில் காலத்தில் இப்படித்தான் வீட்டுக்கு வருகின்றன. எண்பது வயது ஆச்சியும் கைக்குழந்தைகளும் இருக்கிற வீடு. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி டிபன் டப்பாக்களில் ஊற்றி மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக உறைய வைத்துச் சேர்த்தால் ஐந்து கிலோ ஐஸ் சேர்ந்துவிடும்.


மண்பானை
மே 6, காலை 9.00

செவிலித் தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு. ஐஸ் குறைந்தால் கவலைப்படாதீங்க தாயி. முதல்நாளே புது மண்பானையில் கொதித்து ஆறின தண்ணீரை ஊற்றி, ஒரு கைப்பிடி வெட்டிவேரைத் துணியில் முடிந்து உள்ளே போட்டு, நிழலில் மணல் மேல் வைத்து மணலை நனைத்துவிடுங்கள். அந்தத் தண்ணீரில் கலந்தால் பாதி ஐஸ் போதும். எலுமிச்சையும் வெட்டிவேரும் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள் மாதிரி சேர்ந்து போகும்.


தாமிரபரணி
மே 6, இரவு 8.30

எல்லோர் சொன்னதையும் வைத்து இன்று ஒரு லிட்டர் செய்தேன். ராத்திரி எட்டு மணிக்குச் சாறும் பாகும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன, கலந்து குடித்தால் கசப்பு கொஞ்சமும் இல்லை. ஆனால் ஒரு குறை. புளிப்பும் இனிப்பும் இருக்கிறது, எலுமிச்சை வாசனை மட்டும் அமுங்கிப் போயிருக்கிறது. முறுக்காமல் ஒரே அழுத்தில் விடுவதாலா?


வேதிவாத்தியார்
மே 7, காலை 6.00

அதேதான். எலுமிச்சையின் வாசனை சாற்றில் இருப்பதைவிடத் தோலில்தான் அதிகம். தோலை வளைத்துக் கிள்ளினால் கண்ணில் தெறித்து எரிகிறதே, அந்த எண்ணெய். அது மேலே இருக்கிற மெல்லிய நிறத்தோலில் இருக்கிறது, கசப்பு அதற்கு அடியில் வெள்ளையில் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க வேண்டும். பழத்தைப் பிழிவதற்கு முன் நன்றாகக் கழுவித் துடைத்து, காய்த்துருவியின் நுண்ணிய பக்கத்தில் மேல்தோலை மட்டும் லேசாகத் துருவுங்கள். ஒரே இடத்தில் இரண்டு இழுப்புக்கு மேல் வேண்டாம், வெள்ளை தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அந்தத் துருவலைச் சர்க்கரையில் போட்டு விரல் நுனியால் பிசிறி ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். சர்க்கரை எண்ணெயை இழுத்துக்கொண்டு ஈரமணல் மாதிரி ஆகும். அந்தச் சர்க்கரையில் கொதிநீரை ஊற்றிக் கரைத்து வடிகட்டினால் பாகிலேயே எலுமிச்சை வாசனை வந்துவிடும், அடுப்பில் நெடுநேரம் காய்ச்சவே வேண்டாம்.


மண்பானை
மே 7, காலை 8.20

வாத்தியாரே, இருபத்திரண்டு வருஷத்தில் இதை நான் செய்ததில்லை. இன்று காலை பேத்தியை உட்கார வைத்து நாலு பழத்தில் செய்து பார்த்தோம். வீட்டு வாசல் வரை மணக்கிறது. கடை இருந்தால் நாளைக்கே செய்வேன்.

தாயி, உங்கள் நூறு தம்ளருக்குக் கணக்கு எழுதிக்கொள்ளுங்கள். எண்பது பேர் என்றாலும் இருபது பேர் இரண்டாவது கேட்பார்கள். 200 மில்லி தம்ளர். சர்க்கரை 2 கிலோ, தண்ணீர் 2 லிட்டர், பாகு மூன்றேகால் லிட்டர் அளவுக்கு வரும். தம்ளருக்கு 30 மில்லி பாகு. பழம் 120 வாங்குங்கள், ஒரு பழம் 15 மில்லி கொடுத்தால் நல்ல பழம், சிலது ஏமாற்றும். மேல்தோல் துருவ இருபது பழம் போதும். புதினா பாகுக்கு மூன்று கட்டு, தம்ளரில் தட்டிப் போட இரண்டு கட்டு. சப்ஜா 200 கிராம். உப்பு தம்ளருக்கு இரண்டு விரல் நுனி அளவு. பழம் கனமாக, தோல் மெலிசாகப் பார்த்து எடுங்கள். மஞ்சள் நிறம் மட்டும் பார்த்து வாங்காதீர்கள், கையில் வைத்தால் அளவுக்கு மீறிக் கனக்கணும்.


தாமிரபரணி
மே 7, இரவு 9.00

பழத்துக்கு மட்டும் கவலை இல்லை அண்ணாச்சி. அத்தை மகன் புளியங்குடியில் இருக்கிறான், எலுமிச்சைச் சந்தையிலிருந்து நேரே கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். 18 முடிந்ததும் வந்து சொல்கிறேன்.


தாமிரபரணி
மே 19, காலை 11.15

எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் முதல் வேலையாக உட்கார்ந்தேன்.

பாகை 15-ஆம் தேதியே செய்து பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். நேற்று மூன்று மணிக்கு நானும் இரண்டு மதினிமாரும் சமையலறையில் உட்கார்ந்து பிழிய ஆரம்பித்து நாலரைக்கு முடித்தோம். சித்தப்பா பித்தளை அண்டாவைக் கழுவிப் பளபளவென்று மேலே கொண்டுவந்து வைத்திருந்தார். மண்பானை அண்ணாச்சி எழுதியதைக் காட்டினேன், மறுபேச்சுப் பேசாமல் அதில் வாழை இலைக்கட்டை நிறுத்தி வைத்துவிட்டார். மாடியில் ஒரு மேசை, வரிசையாகத் தம்ளர். ஒருத்தி பாகும் சாறும் ஊற்ற, ஒருத்தி சப்ஜாவும் ஐஸும் போட, பானைத் தண்ணீரை நான் ஊற்றினேன். எங்கள் வீட்டுப் பெண் ஏழு வயது, அவளுக்கு இலை தட்டுகிற வேலை. ஒவ்வொரு தம்ளருக்கும் பட் என்று ஒரு சத்தம், வருகிறவர்கள் எல்லோரும் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

தொண்ணூற்று நான்கு தம்ளர் போனது. பாகு இல்லாத பாத்திரமும் காலி, சர்க்கரை வியாதிக்காரர்கள் மட்டும் இல்லை, வேறு சிலரும் சீரக வாசனைக்கு அதையே கேட்டு வாங்கினார்கள். ஒரு தப்பு நடந்தது. முதல் பத்துத் தம்ளருக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். அவர்களை மறுபடி கூப்பிட்டு வேறு கொடுத்தேன், வித்தியாசம் அவர்களுக்கே தெரிந்தது.

ஆச்சிக்கு முதல் தம்ளரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மெதுவாகக் குடித்தார்கள். தம்ளரைக் கீழே வைக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பழத்தோலை என்ன செஞ்ச?" என்று கேட்டார்கள். குப்பைக்குப் போடக் கூடையில் இருக்கிறது என்றேன். எழுந்தே விட்டார்கள். இன்று காலையில் பார்த்தால் 120 பழத்தின் மூடிகளும் துண்டு துண்டாக நறுக்கிக் கல்லுப்பில் கிடக்கின்றன, பெரிய பீங்கான் ஜாடியில். நான் கசக்கும் ஆச்சி என்றதற்கு, உப்பில் கிடந்தால் கசப்பு தானாகப் போகும் என்கிறார்கள்.


வேதிவாத்தியார்
மே 19, மதியம் 12.40

போகும் அம்மா. உப்பு தோலிலிருந்து நீரை இழுக்கும்போது கசப்பும் கூட வெளியே வரும், நாக்கில் மிச்சக் கசப்பை உப்பே அடக்கிவிடும். மேல்தோல் துருவிய இருபது பழத்தின் மூடிகளைத் தனியாக எடுத்துவிட்டீர்களா? அவற்றில் எண்ணெய் இருக்காது, வாசனை குறையும்.


மண்பானை
மே 19, மாலை 5.30

ஆச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் தாயி. ஜாடியின் வாயைத் துணியால் வேடு கட்டி வெயிலில் வைத்து, தினம் காலையில் ஒரு தடவை குலுக்கிவிடுங்கள். கரண்டி போடுவதாக இருந்தால் மரக்கரண்டி, ஈரம் இருக்கக் கூடாது. தோல் மெத்தென்று ஆக மூணு வாரம் பிடிக்கும். மிளகாய்ப்பொடி அதுக்கு அப்புறம்தான்.